தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து செனற்சபையைப் பார்ப்போம்



இலங்கைச் செனற்சபையில் தமிழ் உறுப்பினர்கள் ஆற்றிய பணிகளைப் பற்றிய கருத்தரங்கை மன்னாரில் ஏன் நடத்த வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் சிலர் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். அந்தச் சபை கூடியது கொழும்புக் கோட்டையில், இன்று வெளிநாட்டமைச்சு இயங்கும் பழைய சட்டசபைக் கட்டடத்தில். ஆனால் அங்கே விவாதித்து நிறைவேற்றிய ஒரு சட்டத்தின் விளைவு, குடும்பம் குடும்பமாக மூட்டை முடிச்சுகளோடு கப்பலேறியது தலைமன்னாரில். சட்டம் என்ன செய்தது என்பதை அறிய விரும்புகிறவர் இங்கேதான் வரவேண்டும்.

முதலில் அந்தச் சபையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இளையவர்கள் பலருக்கு அது புதிதாக இருக்கும். சோல்பரி யாப்பின்படி செனற்சபையில் 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. மற்ற 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவார்கள். தெரிவு விகிதாசார முறையில் நடந்தது. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். பிரதிநிதிகள் சபையில் 101 பேர். 1947இல் 15 இடங்களுக்கும் ஒரே தடவையில் தெரிவு நடந்தபோது ஏழு வாக்கு இருந்தாலே ஒருவரை அனுப்பிவிடலாம். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து இடங்களே வெற்றிடமாயின. அப்போது ஓர் இடத்துக்குப் பதினேழு வாக்கு வேண்டும். சிறுபான்மையினருக்கான காப்பு என்று சொல்லப்பட்ட சபையின் வாசல், முதல் தெரிவு முடிந்த கையோடு ஒடுங்கிவிட்டது. நம் ஆய்வாளர்கள் இதை இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

அதிகாரமும் குறைவு. நிதி மசோதாவை ஒரு மாதம் தாமதிக்கலாம். பிற மசோதாவைப் பிரதிநிதிகள் சபை அடுத்தடுத்த இரு கூட்டத்தொடர்களில் நிறைவேற்றிவிட்டால், செனற்சபை மறுத்தாலும் அது சட்டமாகும். ஆகவே ஒரு செனற்றரின் கையில் மிஞ்சியது பேச்சு. தோற்கப்போகும் வாக்கெடுப்புக்கு முன்னால் எழுந்து நின்று, ஒரு சட்டத்தின் குறை என்னவென்று வரிவரியாகச் சொல்லிப் பதிவில் ஏற்றுவது. அந்த வேலையை முழு மனதோடு செய்தவர் செனற்றர் எஸ். நடேசன்.

அவர் 1904இல் பிறந்தவர். 1947இல் சபை தொடங்கியது முதல் 1971இல் அது கலைக்கப்படும் வரை செனற்றராக இருந்தவர். 1954இல் குயின்ஸ் கவுன்சில் ஆனார். கட்சியின் கட்டளைக்காக வாக்களிக்க வேண்டிய நிலையில் அவர் தம்மை வைத்துக்கொள்ளவில்லை. 1948இல் பிரசாவுரிமை மசோதா செனற்சபைக்கு வந்தபோது அதை எதிர்த்து நின்றவர்களில் அவர் முக்கியமானவர்.

அந்தச் சட்டம் என்ன கேட்டது? 1948 நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் பிரசையாக வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தான் இங்கே பிறந்தது போதாது. அன்றைக்குப் பேசாலையில் கரைவலை இழுத்த ஒருவரிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டிருந்தால் எங்கே போயிருப்பார்? நல்லவேளையாக அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஹற்றனிலும் பதுளையிலும் தோட்ட லயக் காம்பராக்களில் பிறந்த இந்திய வம்சாவளித் தமிழரிடம்தான் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதி, ஒரு கூட்டத்தாரிடம் மட்டும் சான்று கேட்கும் சட்டம் அது.

மன்னார் இதிலிருந்து தள்ளி நிற்க முடியாது. 1947இல் மன்னார்த் தொகுதியில் வென்ற சி. சிற்றம்பலம் அவர்கள் அப்போது தபால், தந்தித் தொடர்பு அமைச்சர். மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சரவையில் நம் உறுப்பினர் இருந்தார். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் இந்த முதற் சட்டத்தை எதிர்த்தவர். ஆனால் சில வாரங்களில் அவரும் அரசாங்கத்தில் சேர்ந்தார். இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதை நாமே முதலில் நேர்மையாக எழுதிவைக்க வேண்டும்.

அடுத்து வந்த 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவருக்கு ஏழு ஆண்டும் மணமாகாதவருக்குப் பத்து ஆண்டும் தொடர்ந்த வதிவு கேட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலில் ஊருக்குப் போய்த் தாயின் நோயைப் பார்த்து, தங்கையின் கலியாணத்தை முடித்துத் திரும்பத் தாமதித்தவருக்கு அந்தப் பயணமே எதிர்ச் சாட்சியாயிற்று. ஏறக்குறைய எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1947 தேர்தலில் ஏழு இடங்களை வென்ற இலங்கை இந்தியர் காங்கிரஸ், பிரசாவுரிமை இல்லாதவர்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டபின் 1952இல் ஓர் இடமும் பெறவில்லை. கேகாலையில் வாக்காளர் இடாப்பைத் திருத்திய அதிகாரி என். சிவஞானசுந்தரம், இந்தச் சட்டங்கள், ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று துணிந்து தீர்மானித்தார். உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. 1953இல் பிரிவிக் கவுன்சிலும் அரசாங்கத்தின் பக்கமே நின்றது.

பிறகு 1964 அக்டோபர் 30, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் கதி பின்னர் பேசப்படும் என்று மனிதர்களைப் பங்கிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடத் தொடங்கியது. தோட்டங்களிலிருந்து உறவுகளை ஏற்றிவந்த ரயிலை மலையகத்தில் ஒப்பாரி கோச்சி என்றார்கள். அந்த ரயிலின் கடைசித் தரிப்பிடம் இந்த மன்னார்த் தீவு. பேத்தியை விட்டுக் கப்பலேறிய கிழவியும், கணவன் இந்தியப் பிரசை, மனைவி இலங்கைப் பிரசை என்று பிரிந்த வீடுகளும் இந்த மணலைக் கடந்துதான் போயின. நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தபோது, நடேசன் எதிர்த்த அந்த மசோதாவுக்கு வயது ஐம்பத்தைந்து.

நம் மாவட்டத்தோடு நெருங்கிய இன்னொரு செனற்றர் சேர் கந்தையா வைத்தியநாதன். திருக்கேதீச்சரத் திருப்பணியை முன்னின்று நடத்தியவர் என்று அவரை நன்றியோடு நினைக்கிறோம். வீடமைப்பு, சமூக சேவை அமைச்சராகவும் இருந்தார். பிரசாவுரிமைச் சட்டம் வந்த காலத்தில் அவரே பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சின் நிரந்தரச் செயலாளர். கோயிலுக்குச் செய்த தொண்டையும் அந்த அமைச்சின் கோப்புகளையும் ஒரே மனிதரின் வாழ்வாகச் சேர்த்துப் படிக்கும் ஆய்வு இன்னும் வரவேண்டும். மு. திருச்செல்வம் 1965இல் செனற்சபை வழியாக உள்ளூராட்சி அமைச்சரானார்; மாவட்ட சபைகள் பற்றிய வெள்ளை அறிக்கை கைவிடப்பட்டதும், கோணேஸ்வரப் புனித பகுதி ஆணைக்குழுவைப் பிரதமர் நிறுத்தியதும் அவர் 1968இல் பதவி விலகியதும் தெரிந்த செய்திகள்.

1971 அக்டோபர் 2இல் செனற்சபை ஒழிந்தது. 1972 யாப்பில் 29ஆம் பிரிவும் போயிற்று. 1978 யாப்பின்படி, நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. இரண்டாம் சபை இல்லை, பின்னர் திருத்தும் நீதிமன்றமும் இல்லை என்ற நிலையில்தான் இன்றும் நமக்கான சட்டங்கள் ஆக்கப்படுகின்றன. நடேசனோ சபை போனதும் ஓயவில்லை. 1971இல் குடிசார் உரிமைகள் இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். பத்திரிகை ஆசிரியர்களைப் பாராளுமன்றமே தண்டித்ததைக் கண்டித்து எழுதியதற்காக முதிய வயதில் சிறப்புரிமை மீறல் வழக்கைச் சந்தித்து, 1980இல் விடுதலையானார்.

தனியொரு உறுப்பினரின் முயற்சி பயனற்றது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நம் கடலை அடியோடு வாரும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், பாராளுமன்ற உறுப்பினராக இருந்த எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணையாகத் தொடங்கியது. அதன் அமுலாக்கம் எப்படி இருக்கிறது என்பதைத் தலைமன்னார், பேசாலை, வங்காலை மீனவர்களிடம் கேட்டு எழுதுங்கள்; அதுவும் இந்த ஆய்வின் பகுதியே.

இங்கு கூடியுள்ள ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் இது. நடேசனின் செனற்சபை உரைகள் ஆங்கில ஹன்சாட் தொகுதிகளில் கிடக்கின்றன. யாருக்காகப் பேசினாரோ அவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கத்தக்க தமிழ்ப் பதிப்பு ஒன்று வேண்டும். ஒவ்வோர் உரைக்கும் பக்கத்தில் அன்றைய வாக்கெடுப்பின் விவரமும் வேண்டும். கூடவே, கப்பல் நாட்களில் தலைமன்னாரில் சுங்கத்திலும் ரயிலிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள், 1977க்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் மூத்தவர்கள் ஆகியோரின் வாய்மொழியை இப்போதே பதிவு செய்ய வேண்டும். அவர்களில் பலர் எண்பதைத் தாண்டியவர்கள். இந்த இரு வேலைக்கும் ஒரு குழுவை இன்று மாலை அமர்விலேயே தெரிவு செய்துவிடுமாறு கேட்டு, கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.