கொம்பறைச் சுவருக்கு வலிமை தரும் வைக்கோல்



விதைக்கும் உணவுக்குமாக நெல்லைக் கொம்பறையில் இட்டு வைப்போர் உங்களுள் இன்றும் உளர். அதன் மண்பூச்சு வெடித்தால், ஈரமும் அந்தும் வண்டும் அவ்வழியே உட்புகும். ஒரு போகத்து உழைப்பே வீணாகலாம். ஆகவே பூச்சு வெடியாதிருக்கும் வழியை இன்று எடுத்துக் கூறுகின்றேன்.

களிமண் தன்மேல் அழுத்தும் பாரத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. காயும்போது அது சுருங்குகின்றது. கம்புக்கூடு அதனை விடாது பற்றி நிற்பதால், மண் இழுபட்டு வெடிக்கின்றது. வைக்கோல் கலந்த மண்ணிலோ, கீறல் தோன்றும் இடத்தில் தாள்கள் குறுக்கே நின்று இருபுறத்தையும் பிடித்துக்கொள்கின்றன. கொங்கிறீற்றுக்கு இரும்புக்கம்பி செய்யும் உதவியும் இதுவே. தாவர நாரைப் பிசினுடன் இறுக்கி மோட்டார் வாகனக் கதவுகளின் உட்பலகை செய்வதும் இம்முறையைத் தழுவியதே.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மண்ணில் ஒரு சாண் நீளமான மூன்று கட்டைகள் செய்யுங்கள். ஒன்றில் வைக்கோல் வேண்டாம். மற்றையவற்றுள் ஒன்றில் குறைவாகவும் ஒன்றில் கூடுதலாகவும் கலவுங்கள். நிழலில் நன்கு காய்ந்தபின், இரு கற்களின்மேல் வைத்து நடுவிலே பாரம் தொங்கவிடுங்கள். வெறுமண் கட்டை சட்டென்று இரண்டாகும். வைக்கோல் உள்ளது கீறினாலும் உடனே பிரிந்து விழாது. எனினும் வைக்கோல் மிகுந்து திரண்டால், மண் அதனைப் பற்றாது, கட்டை உதிரும். உங்கள் மண்ணுக்கேற்ற அளவை இவ்வாறே அறிதல் வேண்டும்.

கலக்கும்போது பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

1. பூஞ்சணம் பிடித்த வைக்கோல் வலிமை இழந்தது, அதனை விலக்குக.
2. வைக்கோலை 5 முதல் 10 சதமமீற்றர் நீளமாக வெட்டுக. மிகக் குறுகிய துண்டு மண்ணிலிருந்து உருவிக்கொள்ளும். மிக நீண்டது சுருண்டு திரளும்.
3. மண்ணுடன் ஓரிரவு ஊறவிட்டு, நன்கு மிதித்துக் கலக்குக.
4. ஈரம் ஏறும் அடிப்பாகத்துக்குத் தென்னந்தும்பு சிறந்தது. அதில் இலிக்னின் மிகுதியாதலின், வைக்கோலிலும் மெதுவாகவே உக்கும்.
5. கடும் வெயிலில் விரைந்து காயவிடாதீர்கள்.

எத்துணை நாரும் நனைந்த மண்ணைக் காவாது. கொம்பறையைக் கற்களின்மேல் உயர்த்தி, கூரையை நன்கு வேய்க. நெல்லையும் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாதவாறு உலர்த்தியே இடுக. அடுத்த அறுவடைக்கு முன்னர் கொம்பறையைச் சுற்றிப் பார்த்து, கண்ட வெடிப்புகளை இக்கலவையால் அடைத்துவிடுங்கள்.