முதல் புள்ளடி சின்னத்துக்கு
(தோட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுக்கும்போது இரண்டு கிலோ வெட்டினால் உடனே கேள்வி கேட்கிறோம். 2024 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் 667,240 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அதை யார் கேட்டோம்?

1948 குடியுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன் பாட்டிமாரில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. பல பத்தாண்டுகள் போராடித் திரும்பப் பெற்ற வாக்கு இது. அதை நம் கையாலேயே செல்லாததாக்கலாமா?

பாராளுமன்றத் தேர்தலில், முதலில் ஒரே ஒரு கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னத்துக்கு நேரே புள்ளடி போடுங்கள். அதன்பிறகுதான் வேட்பாளர் இலக்கங்களுக்கு விருப்பு வாக்கு. மூன்று பேர் வரை போடலாம்.

"நம்ம ஆள் நம்பர் தெரியும், அது போதும்" என்று இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். இரண்டு சின்னங்களுக்குப் போட்டாலும் அதே கதிதான். விருப்பு வாக்கு மூன்றைத் தாண்டினால் கட்சிக்கு வாக்குச் சேரும். நீங்கள் விரும்பிய வேட்பாளர்களுக்குச் சேராது. பெயர், கையொப்பம் எதுவும் வேண்டாம். உங்களை அடையாளம் காட்டினால் சீட்டு செல்லாது.

தவறுதலாகச் சீட்டைக் கெடுத்துவிட்டால் பெட்டியில் போடாதீர்கள். வாக்களிப்பு நிலைய அலுவலரிடம் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டுக் கேளுங்கள். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு; வெட்கப்பட வேண்டாம்.

பிள்ளைகளே, இன்று இரவே கொப்பியில் மாதிரிச் சீட்டொன்று வரையுங்கள். அப்பாயி, அம்மாயி கையில் பேனையைக் கொடுத்துப் பழக்குங்கள். எந்தச் சின்னம் என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அது அவர்களுடைய முடிவு.