எவ்வளவு சொல்றீங்க?

நடுவர் அவர்களே, "பேரம் பேசுவது வீண் வேலை" என்று முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பரே!

கடையில் நாம் "எவ்வளவு?" என்றா கேட்கிறோம்? "எவ்வளவு சொல்றீங்க?" என்கிறோம். சொல்வது அவர் பாடு. படிந்தால்தான் அது விலை!

போன மாதம் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நடந்தேன். நடந்தேன் என்பது சும்மா. கூட்டம்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. நடைபாதையில் ஒரு மெரூன் துப்பட்டா. "350 ரூபாக்கா." நான் "150" என்றேன். கடைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். "கட்டுப்படியாகாதுக்கா." நான் நடையைக் கட்டினேன். ஏழாவது அடியில் குரல்: "அக்கா, கடைசியா ஒரு விலை சொல்லிட்டுப் போங்க!" எட்டாவது அடியில் நானே திரும்பியிருப்பேன், அது அவருக்குத் தெரியாது. 220-க்குப் படிந்தது. மடித்துக் கொடுக்கும்போது அவரே சொன்னார்: "முதல் தடவை தனியா நனைங்க, சாயம் விடும்." எந்த விலைச் சீட்டு ஐயா இதைச் சொல்லும்?

அதே வாரம் காதர் நவாஸ் கான் சாலையில் ஒரு பொட்டிக். ஏசி, மெல்லிய இசை. "குறையுமா?" என்றேன். அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "ஃபிக்ஸட் ரேட் மேம்" என்றாள். தப்பு அவள்மேல் இல்லை. ஒரு ரூபாய் குறைக்க அவளுக்கு அதிகாரம் கிடையாது. நடைபாதையில் என் எதிரே நின்றவர் முதலாளி! ஆடி வந்தால் பெரிய கடைகளும் இறங்கத்தானே செய்கின்றன? அங்கே அவர்களே அவர்களோடு பேரம் பேசிக்கொள்கிறார்கள். நமக்கு இடமில்லை.

பாக்கெட்டில் அச்சடித்த எம்ஆர்பி கூட 'அதிகபட்ச' சில்லறை விலைதான். அதற்குமேல் விற்காதே என்கிறது சட்டம். கீழே இறங்காதே என்று சொல்லவில்லை.

"மாலில் வாய் திறக்காமல் கொடுப்பீர்கள், ஏழையிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவீர்கள்" என்றார் நண்பர். பாதி ஒப்புக்கொள்கிறேன். கீரைக்கார ஆயாவிடம் நானும் பேச மாட்டேன். அவர் கேட்காமலே கொசுறாகக் கறிவேப்பிலை வைப்பவர். ஆனால் துப்பட்டாக்காரர் சொன்ன 350-இல் என் பேரத்துக்கும் சேர்த்தே இடம் விட்டிருந்தார். கேட்டதும் 350-ஐ எடுத்து நீட்டியிருந்தால், 'அடடா, 400 சொல்லியிருக்கலாமே' என்று அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வந்திருக்காது!

அந்த ரங்கநாதன் தெரு இருக்கும் தி.நகர் 1920-களில் குடியிருக்க என்று வகுத்த பேட்டை. பேசிப் பேசித்தான் அதைச் சந்தையாக்கினோம். அங்குள்ள கடைத்தெருவின் பலகையில் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று இருக்கும். அந்தப் பெயரையே பேரம் பேசிப் பாண்டி பஜாருக்கு இறக்கிய ஊர் ஐயா இது!

மணி அடிக்கிறீர்களா? நாலு நிமிஷம்னு நீங்க சொன்னீங்க, நான் ஆறு கேட்கிறேன். சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், அஞ்சு. படியுமா?