பாட்டி முகத்தில் ஒரு பிரஷ் தண்ணீர்

போன வாரம் எபிசோட் வரலை, சாரி. ஆபீஸ்ல ரிலீஸ் டென்ஷன். அதனால இன்னைக்கு கோடிங் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பென்சிலைப் பத்திப் பேசப் போறேன்.

தண்ணீரில் கரையும் கிராஃபைட் பென்சில். பார்க்க சாதாரண பென்சில் மாதிரியேதான் இருக்கும். சாதாரண பென்சில்ல கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலந்து சூளையில் சுடுவாங்க. அதனால தண்ணீர் பட்டாலும் கோடு பெருசா அசையாது. இதுல தண்ணீரில் கரையற பசை இருக்கு. ஈரமான பிரஷ்ஷால தொட்டா கோடு கரைஞ்சு, வாட்டர்கலர் மாதிரி சாம்பல் நிறத்துல பரவும். ஃபேபர்-காஸ்டெல்ல எச்பி-யில இருந்து 8பி வரைக்கும் அஞ்சு கிரேடு வருது. தி.நகர்ல ஒரு கடையில கிடைச்சுது, வாங்கிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரா மயிலாப்பூர், பாட்டி வீடு. பாட்டிக்கு 82 வயசு. ஜன்னல் பக்கம் உட்கார வச்சு ஒரு மணி நேரம் வரைஞ்சேன். நெத்தி, கன்னம், கண்ணோரம்னு ஒவ்வொரு சுருக்கமும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அப்புறம் ஆர்வத்துல முகம் முழுக்க ஈர பிரஷ்ஷை ஓட்டிட்டேன்.

அவ்வளவுதான். எல்லாச் சுருக்கமும் கரைஞ்சு போச்சு. ரப்பர் போட்டாலும் போகலை. ஒருதடவை கரைஞ்சு காஞ்சிட்டா, அது பேப்பர்ல நல்லாப் பிடிச்சிக்கும்.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தாங்க. "அழகாத்தான் இருக்கா. யாருடா இது?"

நான் சிரிச்சேன். அவங்க சுவத்துல இருந்த பழைய ஸ்டுடியோ போட்டோவைக் காட்டினாங்க. "அதுலயும் இப்படித்தான் பண்ணி வச்சான்."

ஃபிலிம் காலத்துல ஸ்டுடியோக்கள்ல 'டச்சப்' பண்ணினதும் பென்சிலாலதான். நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ். முகத்துல இருட்டாத் தெரியற சுருக்கம், நெகட்டிவ்ல வெளிச்சமா இருக்கும். அந்த இடத்துல கூரான பென்சிலால கிராஃபைட்டை லேசாப் பூசினா, பிரிண்ட்ல சுருக்கம் காணாமப் போயிடும். நம்ம போன் ஃபில்டருக்குத் தாத்தா!

அந்த போட்டோ, எங்க தாத்தா இறந்து சில மாசத்துல எடுத்தது. "அப்ப நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? படத்தைப் பார்த்தா அப்படித் தெரியுதா? நீயாவது இருக்கற மாதிரி போடு"ன்னாங்க.

அடுத்த ஞாயிறு திரும்பப் போனேன். இந்தத் தடவை 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் பேப்பர். சுருக்கம், இமை, மூக்கு ஓரம், அதாவது கரையக் கூடாத கோடெல்லாம் சாதாரண 2பி பென்சில்ல போட்டேன். கண் குழி, கன்னத்துக்குக் கீழ, கழுத்து நிழலுக்கு மட்டும் கரையற பென்சில். பிரஷ்ஷை வெளிச்சப் பக்கத்துல ஆரம்பிச்சு இருட்டுப் பக்கமா இழுத்தேன். மாத்தி இழுத்தா கறுப்பு வெளிச்சத்துல ஏறிடும். 6பி, 8பி எல்லாம் ஈரமானா இன்னும் கறுக்கும், அதனால ரொம்ப லேசா. ஒவ்வொரு தடவையும் முழுசாக் காய விட்டேன். சென்னை புழுக்கத்துல அதுக்கு ஃபேனும் வேணும், பொறுமையும் வேணும்.

படம் சூப்பர்னு சொல்ல மாட்டேன். இடது கண் ரொம்பக் கறுத்துப் போச்சு, சரிபண்ண முடியலை. பாட்டி ரொம்ப நேரம் பார்த்தாங்க. புருவத்துக்கு நடுவுல இருந்த கோட்டை விரலால தொட்டு, "இது அந்த வருஷம் வந்தது"ன்னாங்க. அப்புறம், "மூக்கு இவ்வளவு பெருசாடா எனக்கு?"

முகம் வரையும்போது எதைக் கரைக்கணும்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, எதைக் கரைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணுங்க. நான் இந்தப் பென்சில்கிட்ட கத்துக்கிட்டது அதுதான். வீட்ல பெரியவங்க இருந்தா இந்த ஞாயிறு ஒரு மணி நேரம் எதிர்ல உட்காருங்க. அடுத்த வாரம் பார்க்கலாம். பை!