படிக்காமல் கொடுத்த பரிசு

நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! வீட்டிலே சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்னாலே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

'எழுத்தாளனுக்கு இணையக் காசு ஊதியமா, சூதாட்டமா?' என்பது தலைப்பு. சூதாட்டமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னாலே பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டாங்க. "புத்தகம் போடுகிறவர் மட்டும் எழுத்தாளனுக்கு அள்ளிக் கொடுத்துட்டாரா?" நியாயமான கேள்விங்க. என் முதல் நூல் வெளிவந்தபோது உரிமைத்தொகை கேட்டுப் போனேன். பதிப்பாளர் காபி வாங்கிக் கொடுத்தார். அப்புறம் என் புத்தகத்திலேயே 40 படியைக் கட்டிக் கையிலே கொடுத்து, "இதை வித்து எடுத்துக்குங்க சார்" என்றார். (சிரிப்பு) ஆட்டோவுக்கும் என் காசுதான். அந்தக் கட்டு வீட்டுப் பரண்மேலே பிரிக்காமல் கிடந்தது.

அதனாலே, எழுத்துக்குக் காசு கேட்கிறவனை நான் குறை சொல்ல மாட்டேன். போன மாசம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கௌரவ விரிவுரையாளர். பேரிலே கௌரவம் இருக்கு, சம்பளத்திலே இல்லை. (கைதட்டல்) "ஐயா, எழுதினா நாணயம் கொடுக்கிற தளம் ஒண்ணு இருக்கு. வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதலாமான்னு பார்க்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். ரெண்டு பிள்ளைங்களை வைத்திருக்கிற மனுஷன். சட்டென்று பதில் சொல்லிவிட முடியுமா? ஒரு வாரம் தவணை கேட்டேன். இந்த வழிக்கு முன்னோடியான ஸ்டீமிட்டின் கதையைத் தேடிப் படித்தேன்.

2016-லே அமெரிக்காவிலே நெட் ஸ்காட், டான் லாரிமர் என்ற இருவர் தொடங்கியது அது. பிளாக்செயின் என்றால் பயந்துடாதீங்க. ஒரு கணக்குப் பேரேடு. ஒருத்தர் பெட்டியிலே பூட்டி வைக்காமல், பல கணினிகளிலே ஒரே மாதிரி எழுதி வைக்கிறாங்க. தனி ஒருத்தர் திருத்த முடியாது. அந்தப் பேரேடு நாள்தோறும் ஸ்டீம் என்று புது நாணயம் உண்டாக்கும். எழுதினவருக்கு முக்கால் பங்கு, படித்து ஓட்டுப் போட்டவருக்குக் கால் பங்கு. 2019-லே அதைப் பாதிக்குப் பாதி ஆக்கிட்டாங்க. தொடக்கத்திலே விளம்பரம் கிடையாது, முதலாளி கிடையாது என்றாங்க. கேட்க எவ்வளவு நல்லா இருக்கு!

ஆனால் ஓட்டு ஆளுக்கு ஒன்று இல்லைங்க. யார் பையிலே எவ்வளவு நாணயம் முடங்கிக் கிடக்குதோ, அவ்வளவு கனம் அவர் ஓட்டுக்கு. நூறு ஏழை வாசகர் கண் கலங்கிப் போட்டால் சில்லறை. ஒரு பணக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே போட்டால் டாலர். அந்தப் பணக்காரருக்கு அங்கே 'திமிங்கலம்' என்றே பேர்! இன்னொன்று. 2017 முதல், ஒரு கட்டுரைக்கு ஏழு நாள்தான் கணக்கு. எட்டாம் நாள் உலகமே படித்தாலும் காசு இல்லை. திருவள்ளுவர் அங்கே எழுதியிருந்தால் முதல் வாரத்தோடு வரவு முடிந்திருக்கும். (சிரிப்பு)

என்னை உறுத்தியது வேறு. காசு கொடுத்தால் ஓட்டுப் போடுகிற எந்திர நிரல்கள் அங்கே முளைத்தன. இவர் தொகையை அனுப்புவார். எந்திரம் ஓட்டுப் போடும். கட்டுரையிலே என்ன இருக்கு? எந்திரத்துக்கு எதுக்கு அது? புறநானூற்றுப் புலவர் பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் போனார். அவன் நேரிலே காணாமல் பரிசிலை மட்டும் கொடுத்து அனுப்பினான். குன்றும் மலையும் பல கடந்து போனவர், கையிலே பொருள் இல்லாதவர், தன் தகுதியை அளக்காமல் கொடுத்ததை வாங்க மாட்டேன் என்றார். இங்கே படிக்காமல் கொடுப்பதற்கு முன்பணம் வேறு கட்டுகிறோம்! நம்ம ஊர் மொய்யிலேகூட முகத்தைப் பார்த்துத்தானே கொடுக்கிறோம்?

எதிரணி நண்பர் வெனிசுலாவைச் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். 2018-லே அந்த நாட்டுப் பணம் காகிதமாகிப் போனபோது, அங்கே ஸ்பானிய மொழியிலே எழுதிச் சில டாலர் பார்த்தவர்கள் அதிலே மளிகை வாங்கினாங்க. அந்தக் காசைச் சூது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதே 2018 ஜனவரியிலே ஒரு ஸ்டீம் 8 டாலரைத் தொட்டது. டிசம்பரிலே அரை டாலருக்கும் கீழே. நவம்பரிலேயே நிறுவனம் தன் ஆட்களிலே 70 சதவீதத்துக்கு மேல் வெளியே அனுப்பிவிட்டது. எழுதினவர் உழைப்பு குறைந்ததா? இல்லையே! வருமானத்திலே ஒரு பகுதி முடக்கின நாணயமாக வரும். அதை எடுக்க அப்போ 13 வாரத் தவணை இருந்தது. வீட்டுக்காரர் 13 வாரம் பொறுப்பாரா, வாடகைக்கு?

உச்சக்கட்டம் 2020. பிப்ரவரியிலே நிறுவனத்தை ட்ரான் நாணயத்தின் ஜஸ்டின் சன் வாங்கினார். பேரேட்டைக் கவனிப்பவர்கள் நிறுவனத்திடமிருந்த பெரும் நாணயக் குவியலை முடக்கினாங்க. மார்ச்சிலே சில நாணயச் சந்தைகள், வாடிக்கையாளர் போட்டு வைத்திருந்த நாணயத்தையே எடுத்து ஓட்டுப் போட்டு, கவனிப்பவர்களை மாற்றின. பேரேட்டை யாரும் மாற்ற முடியாது என்றாங்களே, உண்மைதான்! கணக்கப்பிள்ளையை மாற்றிட்டாங்க. (கைதட்டல்) மார்ச் 20-லே ஒரு கூட்டம் பிரிந்து 'ஹைவ்' என்று தனிப் பேரேடு தொடங்கியது. அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச கதை. நடுவிலே நின்ற எழுத்தாளனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மாணவர் வந்தார். "எழுதுங்க தம்பி, தாராளமா எழுதுங்க. வேலையை மட்டும் விட்டுடாதீங்க. வந்த நாணயத்தை அன்னன்னைக்கே ரூபாயாக்கி வீட்டிலே கொடுங்க" என்றேன். தலையை ஆட்டினார். எழுந்தவர், "ஐயா, உங்க 40 படி வித்துப் போச்சா?" என்று கேட்டார். (சிரிப்பு) பரணைக் காட்டினேன். நாற்காலி போட்டு ஏறி, கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தார். அங்கேயே நின்று நாலு பக்கம் படித்தார். அப்புறம் அட்டையிலே போட்டிருந்த விலையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நடுவர் மணி அடிக்கிறார். மீதி 39 படி வெளியே காரிலே இருக்கு.