முடிச்சிட்டுச் சொல்லுங்கோ

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் அதைப் பேசி உங்களுடைய வடையையும் பாயாசத்தையும் கெடுக்க நாம் விரும்பவில்லை. இன்று நாவல்களைப் பற்றிப் பேசுகிறோம். நாவல்களை வாசித்த ஐந்து பிள்ளைகளைப் பற்றியும் பேசுகிறோம்.

1993ஆம் ஆண்டு. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றவேண்டும். மண்ணெண்ணெய் விலை எல்லோருக்கும் தெரியும். ஜாம் போத்தல் விளக்கில் பாடப் புத்தகத்துக்கே எண்ணெய் காணாது. பாடசாலை விட்டு ரியூஷன் தொடங்குவதற்கு இடையில் இருந்த ஒன்றரை மணித்தியாலப் பகல் வெளிச்சம்தான் எங்களுக்குச் சொந்தமாக இருந்தது. அந்த நேரத்தில் நாங்கள் ஐந்து பேரும் ஊர் நூலகத்துக்குப் போவோம்.

அங்கே நாவல்களுக்கு இரண்டு அலுமாரிகள் இருந்தன. ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். 260 புத்தகங்கள். அவ்வளவையும் வாசித்து முடிப்பது என்று அன்றே தீர்மானித்தோம். எழுத்தாளர் பெயரின் அகர வரிசையில் போவது, பிடிக்காததைத் தாண்டிப் போகக்கூடாது, ஐந்து பேரும் வாசித்த பின்னர் வெள்ளிக்கிழமை வேப்பமரத்தின் கீழ் இருந்து கருத்துச் சொல்வது என்று சட்டம் போட்டோம். ஒரு சீ.ஆர். கொப்பியில் புத்தகத்தின் பெயரும், அதற்கு நேரே ஆளுக்கொரு கட்டமும் கோடு கீறி வைத்தோம்.

நான்காவது சட்டத்தைப் போட்டவர் நூலகர் ஐயா. அகிலனின் ‘சித்திரப்பாவை’யை முப்பது பக்கம் வாசித்துவிட்டு, ‘சரியான இழுவை’ என்று எங்களுள் ஒருத்தி சொன்னதை அவர் கேட்டுவிட்டார்.

“முடிச்சிட்டுச் சொல்லுங்கோ பிள்ளையள்” என்றார்.

ஏன் என்று கேட்டோம். அவர் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் வாசித்து வளர்ந்தவர். 1981 மே 31ஆம் திகதி இரவு அந்த நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். “அதில ஒண்டு நான் பாதி வாசிச்சு வைச்சிட்டு வந்தது. நாளைக்கு வந்து முடிப்பம் எண்டு வந்தனான். அதின்ர முடிவு எனக்கு இண்டைக்கும் தெரியாது” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் எந்தப் புத்தகத்தையும் பாதியில் வைக்கவில்லை.

அந்தக் கொப்பியில் இருந்தவை பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளின் கருத்துகள். இன்று வாசித்தால் சிரிப்பு வரும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களில் மூன்றாம் பாகம் நூலகத்தில் இல்லை. எங்களுள் ஒருத்தியின் அம்மம்மா அந்தப் பாகத்தை இரண்டு மாலைகளில் திண்ணையில் இருந்து வாயால் சொல்லி முடித்தார். ‘மூன்றாம் பாகமே திறம்’ என்று ஐந்து பேரும் ஒருமுகமாக எழுதியிருக்கிறோம். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ மலையகத்துத் தோட்டத் தொழிலாளரின் கதை. அதை வாசித்த அன்று வீட்டில் தேத்தண்ணி குடிக்க மனம் வரவில்லை என்று ஒருத்தி எழுதினாள். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நெடுந்தீவைக் களமாகக் கொண்டது. தீவுப்பகுதியிலிருந்து வந்து எங்களுடன் படித்தவள் அதற்கு எழுதிய கருத்து ஒரே வரி: ‘காற்று சரியாக அடிக்குது.’ அதைவிடச் சிறந்த விமர்சனத்தை நாங்கள் பின்னாளில் எந்தச் சஞ்சிகையிலும் காணவில்லை.

செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயணம்’ 1965இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் ஒடுக்கப்பட்ட மக்களின் போராட்டத்தைச் சொல்வது. ‘முற்போக்கான நாவல், எல்லோரும் வாசிக்கவேண்டும்’ என்று நாங்கள் நால்வர் எழுதினோம். ஐந்தாவது கட்டம் வெறுமையாக இருந்தது. அதை நாங்கள் கவனிக்கவில்லை.

1995 ஒக்ரோபர் மாதம் ‘ட’வுக்கு வந்தோம். கே. டானியலின் ‘பஞ்சமர்’. தேநீர்க்கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் நடந்த 1960களின் கதை. வேப்பமரத்தின் கீழ் இருந்து நால்வரும் மாறிமாறிப் பேசினோம். அந்தக் காலத்தில் எவ்வளவு கொடுமை நடந்திருக்கிறது, நல்ல காலம் இப்போது அப்படி இல்லை, 1957இலேயே சட்டமும் வந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னோம். ஐந்தாமவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியாக ஒன்று கேட்டாள்.

“நீங்கள் குடிக்கிற கோப்பையில எனக்கு ஆற்றை வீட்டில தேத்தண்ணி தந்தவை?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களில் இரண்டு பேரின் வீடுகளில் அவளுக்கென்று ஒரு பேணி தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டு வீடுகளில் அவள் முற்றத்தைத் தாண்டி வந்ததே இல்லை. அது எங்களுக்குத் தெரியாத விடயமல்ல. அம்மாமார் செய்வது என்று விட்டிருந்தோம். எங்களுள் ஒருத்தி அவளது கட்டத்தைக் காட்டி, “உம்மட கருத்தை எழுதுமன்” என்று பேச்சை மாற்றப் பார்த்தாள். “நான் இன்னும் முடிக்கேல்ல. இன்னொருக்கா வாசிச்சிட்டுச் சொல்லுறன்” என்று அவள் புத்தகத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அந்த மாதம் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. நாவற்குழிப் பக்கமாக மழையில் நனைந்தபடி அடி அடியாக நகர்ந்த அந்த இரவை இந்த மண்டபத்தில் பலர் நடந்திருக்கிறீர்கள். அதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. சான்றிதழ்களோடு அந்தக் கொப்பியும் எங்கள் பை ஒன்றுக்குள் வந்தது. 1996இல் திரும்பி வந்தபோது நூலகத்தில் இரண்டு அலுமாரிகளும் இல்லை, கூரையும் பாதிதான் இருந்தது. வகுப்பில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அவளுடைய குடும்பம் தென்மராட்சியிலிருந்து வன்னிக்குப் போய்விட்டது என்றார்கள். நாங்கள் தேடவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். தேடக்கூடிய காலமாக அது இருக்கவில்லை என்பது உண்மை. தேடினால் என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியாமல் இருந்ததும் உண்மை.

மற்ற நால்வரில் ஒருத்தி ரொறன்ரோவுக்கும் ஒருத்தி லண்டனுக்கும் போனார்கள். இருவர் வைத்தியர்களானோம். வைத்தியத்தில் நூலகர் ஐயாவின் சட்டம் ஒவ்வொரு நாளும் நினைவுக்கு வருகிறது. 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நோயாளி தன் வருத்தத்தைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 செக்கன்களில் வைத்தியர் இடைமறித்துவிடுகிறார் என்று கண்டது. எங்கள் வெளிநோயாளர் பிரிவில் காலை பத்து மணிக்கு இருக்கும் வரிசையைப் பார்த்தால் 18 செக்கன் என்பது தாராளம் என்றுகூடத் தோன்றும். ஆனால் வயிற்றெரிவு என்று தொடங்குகிற அம்மா, விட்டுக்கொண்டிருந்தால், நான்காவது ஐந்தாவது வசனத்தில்தான் மகன் ஆறு மாதமாகக் கதைக்கவில்லை என்பதைச் சொல்வார். முப்பது பக்கத்தில் ‘இழுவை’ என்று மூடிவிடுகிற பழக்கம் கிளினிக்கில் ஆபத்தானது.

2012இல் எங்களுள் ஒருத்தி கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிளினிக்கில் கடமையில் இருந்தாள். இன்று இந்த மேடையில் நிற்பது அவள்தான். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்க வந்த வயோதிப அம்மாவுடன் மகளும் வந்திருந்தார். அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் அந்த மகள் கேட்டாள்:

“‘ட’வுக்குப் பிறகு எதுவரைக்கும் வாசிச்சனீங்கள்?”

‘ட’வோடு நின்றுவிட்டது என்று சொன்னோம். தான் ‘பஞ்சமரை’ 2009வரை வைத்திருந்ததாகவும், கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்டபிறகு வழியில் விட்ட சாமான்களோடு அதுவும் போய்விட்டது என்றும் சொன்னாள். நூலகத்துக்குத் தண்டப்பணம் எவ்வளவு வந்திருக்கும் என்று கேட்டுச் சிரித்தாள். கிளினிக் முடிந்த பிறகு கன்ரீனில் இருந்து தேநீர் குடித்தோம். பதினேழு வருடங்களுக்கு முன்னர் வேப்பமரத்தின் கீழ் சொல்லியிருக்க வேண்டியதை அன்று சொன்னோம். “பேணி வைச்சது பிழை. தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தது அதைவிடப் பிழை.” அவள் அழவுமில்லை, பரவாயில்லை என்று சொல்லவுமில்லை. “சரி, கொப்பி இருக்கோ?” என்றாள்.

கொப்பி இருந்தது. அடுத்த மாதக் கிளினிக்குக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ‘பஞ்சமர்’ வரிசையில் ஐந்தாவது கட்டத்தை அவள் நிரப்பினாள். ‘கோபம் சரி. ஆனால் எங்கட வீட்டில சிரிப்பும் இருந்தது. அதையும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.’ நால்வரும் அந்த நாவலை எங்கள் அனுதாபத்துக்கு உரிய பொருளாக வாசித்திருந்தோம். அவள் ஒருத்திதான் அதை நாவலாக வாசித்துக் குறை சொல்லியிருந்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பி, ‘நீண்ட பயண’த்துக்கு நேரே இருந்த வெறுமையான கட்டத்தையும் நிரப்பினாள். என்ன எழுதினாள் என்பதைக் கொப்பியைப் பார்க்க வருகிறவர்கள் வாசிக்கலாம்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் வட்ஸ்அப்பில் கூடுகிறோம். இங்கே இரவு 7.30. கோடை காலத்தில் லண்டனில் பிற்பகல் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10 மணி. அந்த இரண்டு அலுமாரிகளின் மிச்சப் பட்டியலை நினைவிலிருந்து எழுதினோம். கிடைக்காத ஈழத்து நூல்களை, 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் முதலில் தேடுவோம். ‘ம’வில் மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் எழுதி 1914இல் வெளிவந்த நாவல். பிரசங்கம் கூட என்று மூவர் சொன்னோம். குடும்பத்துக்குள் ஒரு பெண் படும் துன்பத்தை அந்தக் காலத்தில் அச்சில் போட்டாரே, அதற்கு எத்தனை துணிவு வேண்டும் என்று இருவர் சண்டை பிடித்தோம். ‘ர’வில் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. எங்களுள் ஒருத்தியின் தகப்பனார் ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். அவருடைய காலில் இருந்த வெடிப்புகளைப் பற்றி முப்பது வருட நட்பில் அன்றுதான் அவள் எங்களுக்குச் சொன்னாள். அடுத்தது ‘ல’, லக்ஷ்மி. அவரும் மருத்துவம் படித்த வைத்தியர் என்பதால் எங்கள் இருவரின் கருத்துகளும் பக்கச்சார்பானவை என்று மற்ற மூவரும் இப்போதே அறிவித்துவிட்டார்கள்.

சகோதரிகளே, நூற்றாண்டு நிதியிலிருந்து பாடசாலை நூலகத்துக்குப் புத்தகங்கள் வாங்கப்போகிறோம். நல்ல காரியம். அதோடு எங்கள் ஐவரின் சார்பில் ஒரு வேண்டுகோள். நாவல் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் ஒரு பேனையும் கட்டித் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் முடித்துவிட்டு ஒரு வரி எழுதட்டும். பரிசு வேண்டாம், புள்ளி வேண்டாம். பொறுப்பாசிரியர் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான். எந்தப் பிள்ளையின் கட்டம் வெறுமையாக இருக்கிறது என்று இடைக்கிடை பார்த்து, அந்தப் பிள்ளையிடம் ஒருமுறை கேட்கவேண்டும்.

எங்கெங்கோ இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் பழைய மாணவிகளிடமும் கேட்கிறோம். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்திருப்பாள். கூட இருந்தாள், ஆனால் கருத்துச் சொல்லாமல் இருந்தாள். அவளுடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுங்கள். பேசத் தொடங்க ஏதாவது வேண்டுமென்றால், இப்போது என்ன வாசிக்கிறாய் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை இடையில் பேசாதீர்கள்.