முகத்தை நேராகப் பார்த்த இரண்டு பெண்கள்
(திருவருகைக் காலம் நான்காம் ஞாயிறு வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தியில் கருவுற்ற ஓர் இளம்பெண் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார். யூதேய மலைநாட்டுக்கு விரைந்து செல்கிறார். அங்கே வயது முதிர்ந்த இன்னொரு கருவுற்ற பெண், வாசலிலேயே அவரை அடையாளம் கண்டுகொள்கிறார். செக்கரியாவின் வீட்டில் நடந்த இச்சந்திப்பில் ஆண் ஒருவரும் பேசவில்லை. செக்கரியா ஊமையாயிருக்கிறார். பேசுகிறவர்கள் மரியாவும் எலிசபெத்தும்தான். மீட்பின் செய்தியை முதலில் பகிர்ந்துகொண்டவர்கள் இந்த இரண்டு பெண்கள்.

இந்தக் காட்சியை வரையாத கிறிஸ்தவ நாடு இல்லை. அவற்றுள் ஓர் ஓவியத்தை இன்று சிறிது நேரம் சிந்திப்போம். இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் சாந்தா மரியா நொவெல்லா என்ற ஆலயம் இருக்கிறது. அதன் பீடத்துக்குப் பின்னால் உள்ள சிற்றாலயச் சுவர்களில், தொர்னபுவோனி என்ற செல்வக் குடும்பத்தின் செலவில், தொமெனிக்கோ கிர்லாந்தாயோ என்பவர் 1485-க்கும் 1490-க்கும் இடையில் அன்னையின் வாழ்வை வரைந்தார். சந்திப்புக் காட்சியின் நடுவில் மரியாவும் எலிசபெத்தும் ஒருவரையொருவர் கைகளால் தாங்கி, முகத்துக்கு முகம் பார்த்து நிற்கிறார்கள். அருகில் விலையுயர்ந்த பட்டாடையில் ஓர் இளம்பெண் நிற்கிறாள். அவள் பெயர் ஜொவான்னா, அந்தக் குடும்பத்தின் மருமகள். பக்கவாட்டு முகம் மட்டும் நமக்குத் தெரிகிறது.

அவளுடைய தனி உருவப்படம் ஒன்றும் உண்டு. 1488 என்று ஆண்டு குறிக்கப்பட்ட அது, இன்று ஸ்பெயின் நாட்டின் மத்ரித் நகரில் இருக்கிறது. அதிலும் பக்கவாட்டு முகம்தான். கழுத்தில் நகை, பின்னால் செபப் புத்தகமும் பவளமணி மாலையும். அந்த நூற்றாண்டில் பிளாரன்ஸ் நகரப் பெண்களைப் பெரும்பாலும் இப்படித்தான் வரைந்தார்கள். பார்க்கிறவர் அவளைப் பார்க்கலாம். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். அந்தப் படங்களில் காணும் நகைகளும் ஆடைகளும் பல வேளைகளில் கணவன் வீட்டார் திருமணத்துக்குப் போட்டவை. வீட்டின் செல்வத்துக்குச் சாட்சியாக அவள் நிறுத்தப்பட்டாள். ஜொவான்னா 1486-ல் மணம் முடித்தாள். 1488-ல், இரண்டாம் குழந்தையை வயிற்றில் சுமந்திருந்தபோதே இறந்துபோனாள். அப்போது அவளுக்கு 19 வயது.

அன்பு நெஞ்சங்களே, ஒரே சுவரில் இரண்டு விதமான பார்வைகள் இருப்பதைக் கவனியுங்கள். ஜொவான்னாவை உலகம் பார்த்த பார்வை ஒன்று: அவளிடம் என்ன இருக்கிறது, அவளால் நம் வீட்டுக்கு என்ன பெருமை என்ற கணக்கு. எலிசபெத்து மரியாவைப் பார்த்த பார்வை மற்றொன்று: நீ யார், உன்னுள் கடவுள் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்ற வியப்பு.

அதே நாட்டில் மொந்தெர்க்கி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பியெரோ தெல்லா பிரான்செஸ்கா என்ற ஓவியர் 1460-ஆம் ஆண்டை ஒட்டி இன்னொரு படம் வரைந்தார். இரண்டு வானதூதர்கள் கூடாரத்தின் திரையை இருபுறமும் விலக்குகிறார்கள். நடுவில் நீல ஆடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக அன்னை மரியா, வயிற்றின்மேல் ஒரு கையை வைத்தபடி நிற்கிறார். முடியில்லை, அரியணையில்லை, கையில் குழந்தையும் இல்லை. எந்த ஊரிலும் நாம் காண்கிற நிறைமாதப் பெண்ணின் நிற்கும் விதம்தான் அது. தலைமுறை தலைமுறையாகக் கர்ப்பிணிப் பெண்கள் அந்தப் படத்தின் முன் வந்து சுகப்பிரசவத்துக்காக மன்றாடியிருக்கிறார்கள்.

இந்த அன்னையைத் தேடி நாம் இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. நமக்கு அருகில் உள்ள பரங்கிமலையின் உச்சியில் 1523-ல் போர்த்துகீசியர் கட்டிய ஆலயம், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் அன்னைக்கே அர்ப்பணிக்கப்பட்டது. அவருடைய திருநாள் டிசம்பர் 18. கி.பி. 656-ல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய சங்கம் அந்த நாளைக் குறித்தது. தோமையாரின் மலை என்று நாம் ஏறிச் செல்லும் அந்த மலை, வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் ஒரு தாயின் மலையும்கூட.

இனி நம் சாலைக்கு வருவோம். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரைக்கும், இந்தப் பக்கம் வல்லம் வடகால், ஒரகடம் வரைக்கும், ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களின் ஜன்னல்களைப் பாருங்கள். கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கும் பெண் பிள்ளைகள். நமக்குத் தெரிவது அங்கேயும் பக்கவாட்டு முகம்தான். இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் நம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் சம்பளத்தில்தான் எத்தனையோ ஊர்களில் தம்பிகள் படிக்கிறார்கள், கடன்கள் அடைகின்றன.

2021 டிசம்பரில் இந்தப் பிள்ளைகள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நெருக்கமான அறைகளில் தரையில் படுத்தார்கள், கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்ற செய்திகளும் அப்போது வெளியாயின. உடன் வேலை செய்தவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். டிசம்பர் 17 இரவில் தொடங்கி, 18-ஆம் தேதியும் சாலையில் இருந்தார்கள். எதிர்நோக்கும் அன்னையின் திருநாள் அது. அன்றுதான் நாடு அவர்களுடைய முகத்தை நேராகப் பார்த்தது. பிறகு சில நல்ல மாற்றங்கள் வந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதற்காக நன்றி கூறுவோம்.

ஆனால் அதே 2024 ஜூன் மாதம் வேறொரு செய்தி வந்தது. இந்த வட்டாரத்தின் ஒரு கைபேசித் தொழிற்சாலையில், திருமணமான பெண்களைப் பொருத்தும் வேலைக்கு எடுப்பதில்லை என்பது அச்செய்தி. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், தாலி, மெட்டி ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வேலைக்கு எடுப்பதில் ஆண் பெண் வேற்றுமை கூடாது என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருக்கிறது. மகப்பேற்றுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே திருத்தம்தான்.

பிரியமானவர்களே, சட்டம் பேசுவதைச் சட்டம் பேசட்டும். நற்செய்தி நம்மிடம் என்ன கேட்கிறது? திருமணமான பெண் வேண்டாம் என்று ஒரு வாசல் சொல்லுமானால், கருவுற்று மலைநாட்டுக்கு நடந்த நாசரேத்துப் பெண்ணுக்கும் அந்த வாசலில் இடம் கிடைக்காது. பரங்கிமலையில் அந்த அன்னைக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, கீழே இறங்கி வந்து அதே நிலையில் உள்ள பெண்ணைப் பாரம் என்று நாம் நினைத்தால், நம் பக்தி பிளாரன்ஸ் செல்வரின் பக்தியாகிவிடும். அவரும் அன்னைக்கு அழகான சுவர் எழுப்பினார்.

இந்த ஒலிபரப்பைக் கேட்பவர்களில் வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கலாம், லைன் மேற்பார்வையாளர்கள் இருக்கலாம். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வராதிருக்கட்டும். சிலுவை பதித்த தாலியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போகும் நிலை நம் பங்கு மகள் எவருக்கும் வரக்கூடாது; வேறு எந்தச் சமயத்து மகளுக்கும் வரக்கூடாது. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கலாம். ஓர் அறைக்குள் எத்தனை பேரை அடைக்கலாம் என்று எண்ணும் முன், தண்ணீர் போதுமா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். நம் அன்பியக் கூட்டங்களுக்கு அந்தப் பிள்ளைகளை அழையுங்கள். இரவு ஷிப்டு முடிந்து வந்த மருமகள், காலையில் தூங்க வேண்டும் என்பதை மாமியார் வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். கணவன்மார் அடுப்பைப் பற்றவையுங்கள்.

எலிசபெத்து செய்தது பெரிய காரியம் அல்ல. வாசலுக்கு வந்தார், முகத்தைப் பார்த்தார், வாழ்த்தினார், மூன்று மாதம் உடன் வைத்துக்கொண்டார். அதையே நாமும் செய்யலாம்.

செபிப்போமாக. மலைநாட்டுக்கு விரைந்த மரியாவை எலிசபெத்தின் வாசலில் வரவேற்ற ஆண்டவரே, எங்கள் சாலைகளில் வேலைக்குப் போகிற, வேலை தேடுகிற, பிள்ளையை வயிற்றில் சுமக்கிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் நேராகப் பார்க்கும் கண்களை எங்களுக்குத் தாரும். எதிர்நோக்கும் அன்னையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.